ஐஸ் பிளாண்ட் பக்கத்து சர்வரைக் கிளவுடுக்கு மாற்ற வேண்டும், எங்கிருந்து ஆரம்பிப்பது?

கணக்குப்பிள்ளை_மண்டபம் | 11 ஜனவரி 2025

வணக்கம். மண்டபத்தில் ஒரு மீன் கொள்முதல் நிறுவனத்தில் 14 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். கம்ப்யூட்டர் கெட்டால் பார்ப்பதும் நான்தான். அதற்குப் படித்தவன் இல்லை. சர்வர் இருக்கும் அறையில் ஏசி உண்டு, மதியம் அங்கே உட்கார்ந்துதான் சாப்பிடுவேன், அப்படியே அந்தப் பொறுப்பும் என் தலையில் விழுந்தது.

எங்கள் கதையைச் சொல்லிவிடுகிறேன். மண்டபத்தில் தலைமை ஆபீஸ், அதை ஒட்டி ஐஸ் பிளாண்ட். பாம்பனில் ஒரு கொள்முதல் கொட்டகை. நண்டு உடைக்கும் கூடம் ஒன்று, அதில் அறுபது பெண்கள் கிலோக் கணக்கில் கூலி வாங்குகிறார்கள். கம்ப்யூட்டர் மொத்தம் 11. எல்லாம் ஒரே சர்வரைப் பிடித்துத்தான் தொங்குகின்றன. அதில் டேலி என்ற கணக்கு மென்பொருள் ஓடுகிறது. எடை போடுவதற்குப் பழைய விஷுவல் பேசிக் புரோகிராம் ஒன்று, அடியில் எடையெல்லாம் சேரும் டேட்டாபேஸ், எஸ்க்யூஎல் சர்வர் 2008. அதை எழுதிக் கொடுத்த தம்பி 2013-இல் துபாய் போனவர். பெருநாளுக்கு வாட்ஸ்அப்பில் வாழ்த்து அனுப்புவார், அதோடு சரி.

எங்கள் ஊர்க் காற்று தெரியுமல்லவா? ஒரு பக்கம் தென்கடல், மறுபக்கம் வடகடல். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கதவுத் தாழ்ப்பாளில் கை வைத்தால் பிசுபிசுக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்வரின் ரேமை, அதாவது நினைவகப் பட்டையை, கழற்றுவேன். அதன் பொன்னிறப் பற்களில் பச்சையாகப் பூத்திருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அழிரப்பரால் தேய்த்து, ஊதி, மறுபடி சொருகினால் பீப் சத்தம் நின்று ஓட ஆரம்பிக்கும். இப்படியே எட்டு வருடம் ஓட்டினேன்.

போன நவம்பர் 20-ஆம் தேதி அழிரப்பருக்கு வேலை இல்லாமல் போனது. ராமேஸ்வரத்தில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டிய நாள். பாம்பனில் மூன்று மணி நேரத்தில் 19 செ.மீ. என்றார்கள். எங்கள் ஆபீஸ் தரை ரோட்டைவிட ஒரு சாண் தாழ்வு. மதியம் இரண்டு மணிக்கு நான் கதவைத் திறந்தபோது யூபிஎஸ் தண்ணீருக்குள் நின்றுகொண்டு கத்திக்கொண்டிருந்தது. சர்வரைத் தரையில் இருந்து நாலு விரல் உயரப் பலகையில்தான் வைத்திருந்தோம். தண்ணீர் ஆறு விரல்.

பேக்கப் இருந்ததா என்று கேட்பீர்கள். இருந்தது. வெளி ஹார்ட் டிஸ்கில். அந்த டிஸ்க் அதே அறையில், மேசையின் கடைசி இழுப்பறையில் இருந்தது. கடைசியில் முதலாளி வீட்டில் கிடந்த இன்னொரு வெளி ஹார்ட் டிஸ்கில் 11 நாள் பழைய நகல் கிடைத்தது. நடுவில் போன 11 நாளை எடைத் துண்டுச்சீட்டு, தரகர்களின் நோட்டு எல்லாம் பார்த்து மூன்று ராத்திரி உட்கார்ந்து ஏற்றினோம். சனிக்கிழமை நண்டுக் கூலி கொடுக்க வேண்டும். கூடத்து மேஸ்திரி அக்கா தன் நீல அட்டை நோட்டைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். யார் யார் எத்தனை கிலோ என்று ஒரு நாள்கூட விடாமல் எழுதி வைத்திருந்தார். அந்த வாரக் கூலி அந்த நோட்டால்தான் போனது.

இப்போது முதலாளியின் மருமகன் சென்னையிலிருந்து போன் செய்து "எல்லாத்தையும் கிளவுடுக்கு மாத்துங்க" என்கிறார், அதாவது எங்கோ ஒரு டேட்டா சென்டரில் மெஷினை வாடகைக்கு எடுத்து நெட் வழியாக ஓட்டுவது. மதுரையிலிருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டு, மூன்று வருடத்துக்கு ஒரே ஒப்பந்தம், 'மொத்த சர்வரையும் அப்படியே தூக்கி மேலே வைத்துவிடுவோம்' என்று விலைப்பட்டியல் கொடுத்திருக்கிறார். மேகம் வெடித்துச் செத்ததை மேகத்துக்கே அனுப்பப் போகிறீர்களா என்று ஐஸ் பிளாண்ட் ஆபரேட்டர் கேலி செய்கிறார்.

எனக்குத் தெரிய வேண்டியது: அப்படியே தூக்கி வைப்பது சரியா? மழை நாளில் நெட் போனால் எடை எப்படிப் போடுவது? எதை முதலில் மாற்றுவது? முதலாளியிடம் என்ன கேள்வி கேட்டுக்கொண்டு இறங்க வேண்டும்?

---

சும்மாவந்தவன் | 11 ஜனவரி

இதுக்கு ஏன் இவ்வளவு யோசனை. சர்வரிலே கூகுள் டிரைவ் போட்டு, டேலி ஃபோல்டரையும் எஸ்க்யூஎல் ஃபோல்டரையும் அதில் காட்டிவிடுங்கள். தானாக மேலே போய்விடும். செலவும் கம்மி.

---

தொண்டிக்காரன் | 12 ஜனவரி

தம்பி சும்மாவந்தவன், தயவுசெய்து இதை யாருக்கும் சொல்லாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸ் ஃபைலைப் பாதி எழுதிய நிலையில் டிரைவ் நகலெடுக்கும். நகல் இருப்பது போலத் தெரியும், திறந்தால் திறக்காது. கீழே யாராவது தெரியாமல் அழித்தால் மேலேயும் சேர்ந்து அழியும். அது இரண்டு இடத்தில் ஒரே பொருளைக் காட்டும் கண்ணாடி, பேக்கப் இல்லை.

கணக்குப்பிள்ளை அண்ணே, உங்கள் பதிவைப் படித்ததும் எனக்குப் பழைய வலி எழுந்தது. ஆறு வருடத்துக்கு முன் தொண்டிப் பக்கம் ஒரு இறால் ஷெட்டில் நானே 'அப்படியே தூக்கி வைக்கிற' வேலையைச் செய்தேன். மூன்று தப்பு செய்தேன்.

கீழே ஷெட்டில் 8 கோர், 32 ஜிபி மெஷின் இருந்தது, மேலே கிளவுடிலும் அதே அளவில் வாடகைக்கு எடுத்தேன். கீழே அது பாதி நேரம் தூங்கிக்கொண்டிருந்ததை நான் அளந்து பார்க்கவில்லை. அதோடு அதை ராத்திரி பகல் ஓடவிட்டேன். மாதத்துக்கு 720 மணி நேரம், எங்களுக்கு உண்மையில் வேலை நடந்தது 300 மணி நேரம்தான். கிளவுடில் ஃபேனைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் மீட்டர் ஓடும். நிறுத்தி வைத்தால் மெஷினுக்குக் காசு நிற்கும், டிஸ்குக்கு மட்டும் தொடரும். இதெல்லாம் முதல் பில் வந்தபிறகுதான் புரிந்தது.

மூன்றாவதுதான் பெரிய தப்பு. எடை மெஷின். அது காம் போர்ட்டில், ஒரு ஒன்பது முள் ஒயரில், கீழே இருந்த கம்ப்யூட்டரோடு பேசிக்கொண்டிருந்தது. மும்பையில் இருக்கும் மெஷினுக்கு அந்த ஒயர் எட்டாது. தூரத்து மெஷினின் திரையை நெட்டில் இங்கே காட்டும் ரிமோட் டெஸ்க்டாப் வழியாகப் போர்ட்டைக் காட்டலாம் என்று யாரோ சொல்லிச் செய்தேன். லைன் ஒரு நொடி தடுமாறினால் எடை பூஜ்யம் காட்டும். இறால் கூடையைத் தூக்கி வைத்துக்கொண்டு நாலு பேர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. இரண்டாவது நாளே பழைய கம்ப்யூட்டரை வைத்துவிட்டேன்.

அதனால் உங்களிடம் முதல் கேள்வி: உங்கள் எடை மெஷின் எந்த ஒயரில் இருக்கிறது? அப்புறம், அந்த சர்வரில் என்னென்ன இருக்கிறது, எத்தனை ஜிபி, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் நின்றால் தாங்குவீர்கள், எவ்வளவு நேரத்துக் கணக்கு தொலைந்தால் தாங்குவீர்கள்? இந்த இரண்டு நேரத்தையும் முதலாளி வாயாலேயே சொல்ல வையுங்கள். விலைப்பட்டியலை அதுவரை மடித்து வையுங்கள்.

---

கணக்குப்பிள்ளை_மண்டபம் | 15 ஜனவரி

தொண்டி அண்ணே, பொங்கல் லீவில் உட்கார்ந்து எண்ணினேன். புது டிஸ்கில் மொத்தம் 1.4 டிபி காட்டுகிறது. உள்ளே போய்ப் பார்த்தால் 1 டிபிக்கு மேல் கேமரா பதிவும், முதலாளி வீட்டுக் கல்யாண வீடியோவும். உண்மையான சரக்கு இதுதான்: எஸ்க்யூஎல் 38 ஜிபி, டேலி 6 ஜிபி, ஸ்கேன் செய்த பில், ஏல சீட்டு, படகு வாரியான சீட்டு எல்லாம் சேர்த்து 306 ஜிபி. தூத்துக்குடி ஏற்றுமதியாளர் எம்பெடா என்ற கடல் பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையத்திடம் பிடிப்புச் சான்றிதழ் வாங்குவதற்கு எந்தப் படகு, எந்தத் தேதி என்று கேட்பார். ஐரோப்பாவுக்குப் போகிற சரக்குக்கு 2010-லிருந்து அது கட்டாயம். அதனால் பழைய ஸ்கேன்களை அழிக்க முடியாது.

ஒரு விஷயம் எனக்கே வெட்கமாக இருந்தது. டெஸ்க்டாப்பில் 'ஆதார்' என்று ஒரு ஃபோல்டர். நண்டுக் கூடத்துப் பெண்கள் அறுபது பேரின் ஆதார் அட்டைப் படம், பேங்க் பாஸ்புக் முதல் பக்கம். பூட்டு இல்லை. 11 கம்ப்யூட்டரில் எதிலிருந்தும் திறக்கலாம்.

எடை மெஷின் மூன்று. மூன்றும் காம் போர்ட்.

முதலாளியிடம் அந்த இரண்டு கேள்வியையும் கேட்டேன். "ஒரு நிமிஷம்கூட நிக்கக் கூடாது, ஒரு கிலோகூடத் தொலையக் கூடாது" என்றார். சரி, அதற்கு என்ன செலவு என்று மதுரைக்காரரிடம் ஒரு கணக்கு வாங்கிக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "எடை நிக்கக் கூடாது. டேலி ஒரு நாள் நின்னா சாகமாட்டோம்" என்றார். கேமரா? "அது போனாப் போகுது."

---

பரமக்குடி_ஆடிட்டர் | 16 ஜனவரி

கணக்குப்பிள்ளை சார், உங்கள் முதலாளி கொடுத்த மூன்று பதிலும் நல்ல பதில்கள். எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு மாற்றிப் பேசுவார். எல்லா முதலாளியும் பேசுவார்கள்.

என் பக்கத்து விஷயம் சில. நீங்கள் பிரைவேட் லிமிடெட் என்றால் கணக்குப் புத்தகங்களின் பேக்கப் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் தினமும் எடுக்கப்பட வேண்டும். முன்பு 'அவ்வப்போது' என்று இருந்ததை 2022 ஆகஸ்டில் 'தினமும்' என்று மாற்றினார்கள். அதனால் விலைப்பட்டியலில் எந்த ஊர் டேட்டா சென்டர் என்று எழுதி வாங்குங்கள். மைக்ரோசாஃப்டுக்கு 2015-லிருந்து சென்னை, புனே, மும்பையில் இருக்கிறது. அமேசானுக்கு 2016-இல் மும்பை, 2022-இல் ஐதராபாத். கூகுளுக்கு 2017-இல் மும்பை, 2021-இல் டெல்லி. 'சிங்கப்பூரில் கொஞ்சம் மலிவு' என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்றுவிடுங்கள்.

கம்பெனி என்றால் 2023 ஏப்ரல் 1 முதல் யார் எந்த வவுச்சரை எப்போது திருத்தினார்கள் என்ற தடம் கணக்கு மென்பொருளில் பதிவாக வேண்டும், அதை அணைக்கவும் முடியக் கூடாது. பழைய டேலியைத் தூக்கி மேலே வைத்தால் மேலேயும் அது பழைய டேலிதான். மாற்றும்போதே அந்த வசதி உள்ள பதிப்புக்குப் போய்விடுங்கள். ஜிஎஸ்டி கணக்குகளை ஆண்டு ரிட்டர்னின் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும்.

அப்புறம் விலை. கிளவுட் வாடகைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. பச்சை மீனுக்கு வரி இல்லை என்பதால் நீங்கள் கட்டுவதில் முழுசும் திரும்ப எடுக்க முடியாது. வரியையும் சேர்த்துத்தான் மாதச் செலவாகப் பாருங்கள். சர்வர் வாங்கினால் தேய்மானம் போடும் சொத்து. வாடகை என்றால் மாதாமாதம் கையிலிருந்து போகும் செலவு. மீன்பிடித் தடைக்காலத்தில் வரவு குறையும் இரண்டு மாதமும் அது போகும்.

அந்த ஆதார் ஃபோல்டர் பற்றி: 2023-இல் வந்த தனிநபர் தரவுச் சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அந்த அறுபது பெண்களுக்கு அது அங்கே திறந்து கிடப்பது தெரியுமா? தேவையில்லாததை அழியுங்கள். தேவையானதைக் கூலி போடும் இரண்டு பேர் மட்டும் திறக்கும்படி வையுங்கள். மேலே போவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள், போனபிறகு அல்ல.

---

கச்சான் | 18 ஜனவரி

கீழக்கரையிலிருந்து எழுதுகிறேன். எல்லோரும் கிளவுட் என்றால் அழியாது என்று நினைக்கிறார்கள். 2021 மார்ச் 10-ஆம் தேதி பிரான்சில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் கட்டடம் ஒன்று எரிந்தே போனது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்களில் பலர் தரவை இழந்தார்கள். கணக்குப்பிள்ளை காக்காவின் (எங்கள் ஊரில் அண்ணனை அப்படித்தான் அழைப்போம்) மேசை இழுப்பறைக் கதைதான், அளவு மட்டும் பெரிது. 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவில் யூனிசூப்பர் என்ற ஓய்வூதிய நிதியம் கூகுள் கிளவுடில் வைத்திருந்த அமைப்பு, கூகுள் பக்கத்துத் தவறால் அழிந்தது. இரண்டு இடத்தில் நகல் இருந்தும் இரண்டும் போனது. வேறொரு நிறுவனத்திடம் தனியாக ஒரு பேக்கப் வைத்திருந்ததும் அவர்களை மீட்க உதவியது.

சென்னையில் வைத்தால் பக்கம் என்று சந்தோஷப்பட வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 மிக்ஜாம் புயலும் சென்னையில்தான். சென்னையில் ஓடட்டும், நகல் புனேயிலோ மும்பையிலோ இருக்கட்டும், இன்னொரு நகல் உங்கள் கையில் இருக்கட்டும்.

இன்னொன்று. நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் கிளவுட் கணக்கைத் திறந்தவர் வெளி ஆள். அவருடைய இமெயில், அவருடைய கிரெடிட் கார்டு. சண்டை வந்தபோது சாவி அவரிடம் இருந்தது. ஐந்து வாரம் கெஞ்சினோம். எல்லா அதிகாரமும் உள்ள தலைக்கணக்கு கம்பெனி பெயரில், கம்பெனி இமெயிலில், கம்பெனி கார்டில் இருக்க வேண்டும். வெளியாளுக்கு வேலை செய்யும் அளவுக்கு ஒரு துணைக்கணக்கு போதும்.

---

தொண்டிக்காரன் | 19 ஜனவரி

கச்சான் சொன்ன கடைசி விஷயத்தைச் சிவப்பு மையால் அடிக்கோடிடுங்கள்.

அண்ணே, இப்போது உங்களுக்கு வழி தெளிவாகிவிட்டது. மூன்று சரக்குக்கும் மூன்று வழி.

எடை கீழேயே இருக்கட்டும். ஒவ்வொரு எடை மெஷின் பக்கத்திலும் ஃபேன் இல்லாத சின்ன கம்ப்யூட்டர் ஒன்று வையுங்கள். ஃபேன் இல்லாவிட்டால் உப்புக்காற்றை உறிஞ்சாது, உங்கள் அழிரப்பருக்கும் ஓய்வு. எடை அதிலேயே பதிவாகட்டும். நெட் இருக்கும்போது கால் மணிக்கு ஒருமுறை மேலே அனுப்பட்டும், இல்லாவிட்டால் காத்திருந்து வந்ததும் அனுப்பட்டும். ஒவ்வொரு எடைக்கும் கொட்டகை எண்ணோடு சேர்ந்த வரிசை எண் கொடுங்கள், இரண்டு முறை ஏறினாலும் கண்டுபிடிக்கலாம். எஸ்க்யூஎல் சர்வரின் எக்ஸ்பிரஸ் பதிப்பு இலவசம், 2022 பதிப்பில் ஒரு டேட்டாபேஸ் 10 ஜிபிக்குள் இருக்க வேண்டும், ஒரு கொட்டகைக்கு அது தாராளம். பழைய விஷுவல் பேசிக் புரோகிராமை இப்போதைக்கு அதில் ஓட்டுங்கள். ஆனால் 2008-ஐ விட்டு வெளியே வாருங்கள், அதற்கு மைக்ரோசாஃப்ட் 2019 ஜூலையோடு கைகழுவிவிட்டது.

டேலியை வாடகை மெஷினுக்குக் கொண்டுபோங்கள். சின்னதாக ஆரம்பியுங்கள், போதவில்லை என்றால் பத்து நிமிடத்தில் பெரிதாக்கலாம், கிளவுடில் இருக்கும் ஒரே சொகுசு அதுதான். காலை நாலு மணிக்கு எழுப்பி ராத்திரி ஒன்பதுக்குப் படுக்கவைக்க நேரம் குறித்துவிடுங்கள். விசைப்படகு திங்கள், புதன், சனி போகும், மறுநாள் விடியற்காலையில் உங்களுக்குக் கூட்டம். செவ்வாய், வியாழன், ஞாயிறு காலையில் தாங்குகிறதா என்று பாருங்கள், மற்ற நாளைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஒரு தொகையைத் தாண்டினால் உங்களுக்கும் முதலாளிக்கும் மெயில் வரும்படி முதல் நாளே எச்சரிக்கை வையுங்கள்.

ஸ்கேன்களை மலிவான சேமிப்பில் போடுங்கள். கடைசி ஒரு வருடம் சட்டென்று எடுக்கும் இடத்தில், மற்றவை இன்னும் மலிவான ஆழத்தில். ஆழத்தில் போடுவது மலிவு, திரும்ப எடுக்கக் காசு, இதை ஞாபகம் வையுங்கள். ஒரு அளவுக்கு மேல் வெளியே இழுக்கும் ஜிபிக்கும் காசு என்பதை விற்பவர் சொல்லமாட்டார்.

ஏற்றுவதற்கு எவ்வளவு நேரம்? 350 ஜிபி, உங்கள் மேலேற்ற வேகம் நொடிக்கு 20 மெகாபிட் என்று வைத்தால், தாளில் 39 மணி நேரம். ராத்திரி ஒன்பதிலிருந்து நாலு வரை மட்டும் ஓட்டினால் ஆறு ராத்திரி, லைன் அறுந்து மறுபடி தொடங்குவதைச் சேர்த்தால் எட்டு. டிவி விளம்பரத்தில் வரும் 100 என்பது கீழிறக்க வேகமாக இருக்கும், மேலேற்றம் எவ்வளவு என்று அளந்து பாருங்கள். ஃபைபர் ஒன்று, வேறு கம்பெனி 4ஜி சிம் ஒன்று, இரண்டும் வேண்டும்.

தேதி? தடைக்காலம். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகுதான் நிற்கும், நாட்டுப்படகில் நண்டும் கணவாயும் வந்துகொண்டே இருக்கும். கூட்டமும் இருக்காது, வேலை உண்மையாகவும் இருக்கும், ஒத்திகைக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. முதல் மாதம் பழையதும் புதியதும் சேர்ந்து ஓடட்டும், ராத்திரி இரண்டையும் ஒப்பிடுங்கள்.

கிளவுட் கணக்கில் நுழையும் ஓடிபியை எஸ்எம்எஸ்ஸில் வைக்காதீர்கள். சேராங்கோட்டை தாண்டி அரிச்சல்முனைப் பக்கம் போனால் போன் இலங்கை டவரைப் பிடித்துக்கொண்டு 'வெல்கம்' சொல்லும், உங்கள் ஓடிபி வராது. போனிலேயே எண் காட்டும் ஆப் இருக்கிறது, அதற்கு சிக்னலே வேண்டாம்.

---

கணக்குப்பிள்ளை_மண்டபம் | 22 ஜூன் 2025

ஐந்து மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். என்ன ஆனது என்று சொல்ல வேண்டியது என் கடன்.

மதுரைக்காரர் மூன்று வருட ஒப்பந்தத்தை விட்டுக் கொடுக்கவில்லை. வேறு ஆளைப் பிடித்தோம், ஆறு மாத ஒப்பந்தம். தலைக்கணக்கு கம்பெனி பெயரில். முதல் கையெழுத்து போடும்போது முதலாளி "கச்சான் சொன்னாரே, அந்தக் கடுதாசி எங்கே" என்று கேட்டார். இந்தத் திரியை அவருக்கு அச்சடித்துக் கொடுத்திருந்தேன்.

ஏப்ரல் முதல் வாரத்தில் ஆதார் ஃபோல்டரை முடித்தேன். பாம்பன் புதுப் பாலம் திறந்த வாரம், ரோடெல்லாம் போலீஸ், கொட்டகைக்கே போக முடியவில்லை, உட்கார்ந்து அழிக்க நேரம் கிடைத்தது. அறுபது பேரில் 23 பேர் எப்போதோ வேலையை விட்டுப் போனவர்கள். ஸ்கேன்கள் ஏற எட்டு ராத்திரி என்றீர்கள், பதினொன்று ஆனது. இரண்டு ராத்திரி கரண்ட் இல்லை, ஒரு ராத்திரி நானே தப்பான ஃபோல்டரை ஏற்றினேன். கல்யாண வீடியோ.

மே 20-ஆம் தேதி ஒத்திகைக்காகப் பேக்கப்பிலிருந்து டேலியை வேறு மெஷினில் எடுத்துப் பார்த்தோம். திறக்கவில்லை. கைகால் நடுங்கிவிட்டது. பார்த்தால், மெஷினைப் படுக்கவைக்கும் நேரம் ஒன்பது, பேக்கப் எடுக்கும் நேரம் ஒன்பதே கால். இரண்டு வாரமாகத் தூங்கும் மெஷினில் பேக்கப் எடுக்கப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. யாருக்கும் ஒரு மெயில்கூட வரவில்லை, தோற்றால் மெயில் அனுப்பு என்று நான் சொல்லி வைக்கவில்லை. இப்போது எட்டரைக்கு எடுக்கிறது. தினமும் காலையில் நேற்றைய நகல் எத்தனை எம்பி என்று எனக்கு ஒரு மெயில் வரும், டீ குடிக்கும்போது பார்ப்பேன். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்துத் திறந்து பார்க்கிறோம்.

பில் பற்றிக் கேட்பீர்கள். மே மாதம் நினைத்ததைவிடக் கம்மி, ஜூன் நினைத்ததைவிடக் கூட. பழைய ஸ்கேன் ஒரு கட்டை ஏற்றுமதியாளருக்காக ஆழத்திலிருந்து இழுத்ததுதான் காரணம். நீங்கள் சொல்லியிருந்தும் செய்தேன்.

தடை முடிந்து முதல் பாடு கரைக்கு வந்த விடியற்காலை பாம்பன் கொட்டகையில் நானே போய் நின்றேன். ஐந்து பத்துக்கு நெட் போனது. 4ஜியும் இழுத்துக்கொண்டு நின்றது. எடை போடும் தம்பி திரும்பி என்னைப் பார்த்தான். நான் மெஷினைப் பார்த்தேன். எண் 212, சங்காயம், 34 கிலோ 600. எண் 213, கணவாய். அது பாட்டுக்கு ஓடியது. திரையின் மூலையில் ஒரு சின்ன மஞ்சள் வட்டம், 'காத்திருப்பு 41' என்று காட்டியது, கூடிக்கொண்டே போய் 118 வரை வந்தது. ஆறு நாற்பதுக்கு லைன் வந்ததும் ஒன்று ஒன்றாகக் குறைந்து வட்டம் பச்சை ஆனது. மண்டபத்தில் முதலாளி போன் செய்து, "ஒண்ணரை மணி நேரமா ஒண்ணுமே வரலியே, பாடு இல்லையா?" என்றார்.

நண்டுக் கூடத்து மேஸ்திரி அக்கா நீல நோட்டில் எழுதுவதை நிறுத்தவில்லை. நிறுத்தச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. போன வியாழக்கிழமை அவர் நோட்டிலும் திரையிலும் ஒருவருக்கு மூன்று கிலோ வித்தியாசம் வந்தது. நோட்டுதான் சரி. எடை போட்ட பெண் பக்கத்துப் பெயரைத் தொட்டிருக்கிறாள். திரையில் பெயர் எழுத்தைப் பெரிதாக்கி, இடைவெளி விட்டுவிட்டோம்.

ஒரு கேள்வி பாக்கி. பழைய சர்வரை இரும்புக்கடைக்காரர் கேட்கிறார். அதில் நனைந்த இரண்டு டிஸ்கும் அப்படியே இருக்கின்றன. ஓடாது. அப்படியே கொடுத்துவிடலாமா?

---

தொண்டிக்காரன் | 22 ஜூன்

கொடுக்காதீர்கள் அண்ணே. உங்களுக்கு ஓடாதது வேறு ஒருவரிடம் ஓடும். அந்த 23 பேரின் ஆதாரும் அதில்தான் இருக்கிறது. டிஸ்க் இரண்டையும் கழற்றி, உள்ளே தரவு எழுதியிருக்கும் தட்டு வரைக்கும் இறங்கும்படி நாலு ஓட்டை போட்டுவிட்டு, மிச்சப் பெட்டியைக் கொடுங்கள்.

118-ஐக் கேட்டதும் எனக்கு அந்த இறால் கூடை ஞாபகம் வந்தது. நல்லது.

---

கணக்குப்பிள்ளை_மண்டபம் | 23 ஜூன்

ஐஸ் பிளாண்ட் ஆபரேட்டரிடம் டிரில் இருந்தது. அவரே போட்டார், நாலுக்குப் பதில் ஒன்பது ஓட்டை. பெட்டிக்கு இரும்புக்கடையில் 340 ரூபாய் கொடுத்தார்கள், சில்லறை வரவில் ஏற்றிவிட்டேன்.